கப்பல் அக்கரைக்குப் போனது

நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் தலைவர் பொய் சொல்கிறார்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. போன ஒன்றுகூடல் விருந்தில் நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். கோழி வறுவல் மேசைக்கு வருவதற்கு முன்னால் அவர் மைக்கைப் பிடித்தார். வழக்கமான கதையைத் தொடங்கினார்.

"நம்ம கிளாஸ்ல ஒரு பொம்பளப்பிள்ள நீராவிக் கப்பல் செஞ்சுச்சு. ஒரே ஒரு சக்கரம் வச்சுச்சு. தண்ணியில விட்டா, தலை கிறுகிறுத்த கோழி மாதிரி நின்ன எடத்துலயே சுத்துது! தோட்டமே நெருப்புன்னு ஓடி வந்துச்சு. கடைசி வரைக்கும் அந்தக் கப்பல் ஓடவே இல்ல லா."

சிரித்தீர்கள். நானும் அதே மண்டபத்தில், ஐஸ் தண்ணீர் குவளையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி என் தோளைத் தட்டி, "உன்னப் பத்திதான் சொல்றாரு" என்றாள். எனக்குத் தெரியாதா?

அதைக்கூட விட்டிருப்பேன். இப்போது நம் பள்ளி தாமான் குடியிருப்புப் பகுதிக்கு மாறிப் புதுக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே அறிவியல் சொல்லிக் கொடுக்கும் இளம் டீச்சர் என்னைத் தேடி வந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து அந்த மாதிரிக் கப்பலைத் திரும்பச் செய்யலாமா என்று கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்றுகூடலில் ஓட்டிக் காட்டச் சங்கத்தில் அனுமதி கேட்கப் போனோம். தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்னாம்மா நீ, அன்னைக்கே ஓடாத கப்பல். இப்ப சின்னப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நெருப்பு விளையாட்டு எதுக்கு?" அதோடு பேச்சு முடிந்தது. டீச்சர் முகம் செத்துப்போனது.

ஆண்டு மலருக்குப் பள்ளிக்கால நினைவு ஒன்றை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். இதோ எழுதுகிறேன். ஒரு வரியையும் வெட்டாமல் போடுங்கள்.

நான் சொல்வது ஓர் இலையுதிர் காலம். உங்களுக்கு விளக்க வேண்டாம். ஆனால் மலரை இந்தக் காலத்துப் பிள்ளைகளும் படிப்பார்கள், செம்பனையைத் தவிர வேறு மரம் பார்க்காத பிள்ளைகள். தைப்பூசம் முடிந்த கையோடு ரப்பர் மரத்தின் இலைகள் செம்பு நிறமாகும். பிறகு கொட்டும். காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மேலே பார்த்தால் வானம் வெறுமையாகத் தெரியும். மரத்தில் பால் வற்றிவிடும். அம்மாக்கள் காலி வாளியோடு திரும்பி வருவார்கள். கெடா மாநிலத்தின் வறண்ட காற்று தொண்டையைப் பிடிக்கும். ஸ்டோர் குளம் கரையை விட்டு உள்ளே இறங்கத் தொடங்கும். ஸ்டோர் என்றால் ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக அடிக்கிற கொட்டகை. அதற்குத் தண்ணீர் எடுக்கும் குளம் அது.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். வீட்டு அடுப்பைத் தவிர வேறெங்கும் நெருப்பு மூட்டக் கூடாது. ஒரு குச்சி விழுந்தால் காய்ந்த இலை முழுக்கப் பற்றிக்கொள்ளும். பெரட்டுக் களத்தில், அதுதான் காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில், ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். புகை கண்டால் அதை அடிப்பார்கள். அடித்தால் எல்லாரும் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஓட வேண்டும். அந்த ஆண்டு கிராணி பெரட்டில் நின்று சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது: "எவன் வீட்டுப் பிள்ள நெருப்பு வச்சாலும் சரி, அவன் குடும்பத்துக்கு லயத்துல வீடு இல்ல." லயம் என்றால் தோட்டம் கொடுத்த வரிசை வீடுகள், கிராணி என்றால் தோட்ட ஆபீசை நடத்துகிறவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பால் இல்லாத அந்த மாதங்களில் என் அப்பாவுக்கு வேறொரு வேலை வந்துவிடும். லயத்திலிருக்கும் ஓட்டை வாளியெல்லாம் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும். அப்பா கரி அடுப்பில் இரும்பைப் பழுக்க வைத்து, நவச்சாரத்தில் தொட்டு, ஈயம் பற்றவைப்பார். நவச்சாரப் புகை மூக்கைச் சுடும். ஈயம் தகரத்தில் வெள்ளி நீர் மாதிரி ஓடி நிற்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து இரும்பை மாற்றி மாற்றி அடுப்பில் வைப்பேன். யாரும் எனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. "எட்டி உக்காரு, பாவாடையில பட்டுடும்" என்பதுதான் அப்பா சொன்ன ஒரே பாடம். பார்த்தேன், கை பழகியது.

நான் ஆறாம் வகுப்பு. அந்த ஆண்டோடு என் படிப்பு முடிந்தது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அம்மாவும் வேலைக்குப் போகிறவர். தம்பி சின்னவன். "பொட்டப்பிள்ள பஸ் ஏறிப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் போயி என்னா பண்ணப் போவுது? தம்பியப் பாத்துக்கட்டும். அப்புறம் புல்லு வெட்டப் போவட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சோறு வெந்துவிட்டது என்பது போலச் சொன்னார்.

அப்போதுதான் பெரிய வாத்தியார் அளவுப் பாடம் எடுத்தார். கெடா வரைபடத்தைச் சுவரில் மாட்டி, ஓர் அங்குலம் என்றால் இத்தனை மைல் என்று விளக்கினார். பிறகு ஒவ்வொரு குழுவும் ஏதாவது ஒன்றை அளவு மாற்றிச் செய்து வர வேண்டும் என்றார். "படத்துல என்னா இருக்கோ அத அப்படியே செய்யணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது" என்று பிரம்பால் மேசையைத் தட்டிச் சொன்னார். அந்தச் சொல்தான் எங்களைக் கவிழ்த்தது.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான், என் அத்தை மகன், கிராணி மகன். கிராணி மகன்தான் வகுப்புச் சட்டாம்பிள்ளை. அந்தச் சட்டாம்பிள்ளைதான் இன்றைய சங்கத் தலைவர். புரிந்திருக்கும்.

கடைக்கார பாயின் கடையில், சர்க்கரை போட்டு வைக்கும் பழைய பிஸ்கெட் டின் ஒன்று இருந்தது. அதன் மூடியில் ஒரு கப்பல் படம். இரண்டு புகைபோக்கி, பக்கவாட்டில் தண்ணீரைத் தள்ளும் பெரிய துடுப்புச் சக்கரம், மேல்தட்டில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள். எனக்கு அந்தச் சக்கரத்தின்மேல் ஒரு பைத்தியம். அதைச் செய்யலாம் என்று நான்தான் சொன்னேன்.

"நீராவியிலயா?" என்று பெரிய வாத்தியார் சிரித்தார். "ஓடுமா?"

"ஓடும் சார்."

"எப்படி?"

"சோத்துப் பானை மூடிய ஆவி தூக்குதுல்ல சார், அந்த மாதிரி சக்கரத்தத் தள்ளும்."

அப்போது எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "ஓடுச்சுன்னா, என்னப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி எங்கப்பாகிட்டப் பேசுவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ஓடட்டும். பேசறேன்."

எனக்கு அது போதும்.

பாய் டின்னைத் தரமாட்டேன் என்றார். "அளந்துக்க. தூக்கிட்டுப் போயிடாத, தாயி. எறும்பு வந்துடும்." ஆகவே கடையிலேயே, வெங்காய மூட்டைமேல் டின்னைச் சாய்த்து வைத்து, பள்ளி அடிக்கோலால் அளந்தோம். படம் ஒரு சாண் இருந்தது. மூன்று மடங்காகப் பெருக்கினோம். கப்பல் என் கை நீளம் வந்தது. மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்து உடம்பு செய்தோம். பித்தளை துடைக்கிற எண்ணெய் வரும் தட்டையான டின்தான் கொதிகலன். திருகு மூடி, ஓரத்தில் ஊசி முனையளவு ஓட்டை. அடியில் தைல டப்பாவில் மண்ணெண்ணெய், இரண்டு திரி. ஓட்டை வழியே சீறும் ஆவி, பூ இதழ் மாதிரி வெட்டிய ஒரு சின்னத் தகரச் சக்கரத்தில் அடிக்கும். அது சுற்றினால் அதிலிருந்து ஒரு வார் ஓடித் துடுப்புச் சக்கரத்தைச் சுற்றும். சைக்கிள் கம்பிதான் அச்சு. பற்றவைத்த ஒவ்வொரு இடமும் என் கை. அப்பா மதியம் தூங்கும்போது செய்தேன்.

வாருக்கு நாங்கள் கடைக்குப் போகவில்லை. வற்றிய மரங்களில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த ரப்பர் பாலில் நூலை முக்கிக் காய வைத்து, மறுபடி முக்கிக் காய வைத்து, நாங்களே செய்தோம். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் மருந்து ரப்பர் பால்தான். செருப்பு அறுந்தால் பால், பந்து வேண்டுமென்றால் பால். கொதிகலன் மூடியில் ஆவி கசியாமல் இருக்கவும் பாலைத்தான் பூசினோம். ரப்பர் சூட்டில் உருகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை.

இனிதான் முக்கியமான விஷயம். சக்கரம்.

அத்தை மகன் கேட்டான்: "அந்தப் பக்கம் எங்க?"

"எந்தப் பக்கம்?" என்றான் கிராணி மகன்.

"மாட்டு வண்டிக்கு ரெண்டு பக்கமும் சக்கரம் இருக்குல்ல? இதுக்கும் அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கும்."

"படத்துல இருக்கா?"

"படத்துல எப்படித் தெரியும்? அது அந்தாண்டப் பக்கம்."

"படத்துல இல்லாதத வைக்கக் கூடாது. வாத்தியார் என்னா சொன்னாரு? கூட்டக் கூடாது. நீ வேணா ரெண்டு வை, நான் சார்கிட்டச் சொல்லிடுவேன்."

நானும் சொன்னேன், இரண்டு வைக்கலாம் என்று. சட்டாம்பிள்ளை கேட்கவில்லை. அடிக்கோல் அவன் கையில் இருந்தது. ஒரு சக்கரம் வைத்தோம். ஒரு சக்கரம் வைக்கச் சொன்னது யார் என்பதை, மைக்கைப் பிடிக்கும்போது அவர் ஒரு முறையாவது சொல்லியிருக்கிறாரா? யோசித்துப் பாருங்கள்.

முதல் ஓட்டம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும், ஏனென்றால் நீங்கள்தான் பச்சைக் கிளையோடு ஓடி வந்தவர்கள். பள்ளி விட்டதும் ஸ்டோர் குளத்துக்குப் போனோம். தண்ணீருக்குப் பக்கத்தில் வெறும் சேறு, இலை இல்லை. அதனால் ஆபத்தில்லை என்று நினைத்தோம். கிராணி மகன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தான். நான் பற்றவைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு விசில் சத்தம், மெல்லியதாக, பால் குடிக்கும் பூனைக்குட்டி போல. தகரப் பூ சுற்றியது. வார் ஓடியது. துடுப்பு தண்ணீரைத் தள்ளியது.

கப்பல் வட்டம் போட்டது. ஒரு வட்டம், அதே இடத்தில் இன்னொரு வட்டம். அத்தை மகன் சேற்றில் விழுந்து விழுந்து சிரித்தான். "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!"

அதற்குள் மூடியில் பூசிய ரப்பர் உருகி, திரியில் சொட்டி, கறுப்புப் புகை எழுந்தது. ரப்பர் எரிகிற நாற்றம் தோட்டத்து ஆட்களுக்குச் சாவு மணி மாதிரி. தண்டவாளம் அடிக்கும் சத்தம் கேட்டது. லயம் முழுக்க ஓடி வந்தது. கிளையை ஓங்கிக்கொண்டு வந்தவர்கள், குளத்து நடுவில் புகையோடு கிறுகிறுத்த தகரத்தைப் பார்த்து நின்றார்கள். முதலில் சிரித்தார்கள். பிறகு கிராணி வந்தார். சிரிப்பு நின்றது.

"யார் நெருப்பு வச்சது?"

கிராணி மகன் தரையைப் பார்த்தான். நான் "நான்தான்" என்றேன். பற்றவைத்தது நான்தானே.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையில் இருந்த கிளையாலேயே என்னை அடித்தார். இலை உதிர உதிர அடித்தார். அன்று அவரை வெறுத்தேன். இப்போது என் கண்ணுக்குத் தெரிவது வேறு. ஒவ்வோர் அடிக்கும் நடுவே அவர் கிராணியின் முகத்தைப் பார்த்தார். போதுமா, போதுமா என்று. வீட்டைக் காப்பாற்ற அடித்த அடி அது. கிராணி, "சரி, விடு. இதான் கடைசி. இன்னொரு தடவைன்னா வீடு இல்ல" என்றார். கப்பலை எடுத்துக்கொண்டு போய் ஆபீஸ் அலமாரிக்கு மேலே வைத்தார்.

மறுநாளே அத்தை மகனுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். யாரும் போகக் கூடாது. நான் தனியாகக் கிடந்தேன். பெரிய வாத்தியார், "வட்டம் போட்டதெல்லாம் ஓட்டமா?" என்று கேட்டுவிட்டார்.

சில நாள் கழித்துக் கிராணி மகன் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றான். சாக்குப் பையில் கப்பல்.

"எப்படிடா எடுத்த?"

"அப்பா அலோர் ஸ்டாருக்குப் போயிருக்காரு. நீ சொன்னது சரிதான். ரெண்டு வைக்கணும்." அதைச் சொல்ல அவன் எவ்வளவு கஷ்டப்பட்டான் என்று பார்த்தேன். அதற்காக அவனை எனக்குப் பிடித்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்று மிகவும் பிடித்தது. "ஆனா நான் எடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத."

அச்சை மறுபக்கம் வரை நீட்டி இரண்டாவது சக்கரம் வைத்தேன். மூடிக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, அம்மா புட்டு அவிப்பது நினைவுக்கு வந்தது. பானைக்கும் மேலே வைக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஆவி போகாமல் மாவைப் பிசைந்து ஒட்டுவார். சூடு ஏற ஏற மாவு இறுகும். ரப்பர் உருகும், மாவு இறுகும். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். நூலைச் சுற்றி, மேலே மைதாவைப் பூசினேன்.

கோயில் திருவிழா நாள். தோட்டமே கோயிலில் இருந்தது. உறுமி சத்தம் குளம் வரைக்கும் கேட்டது. உச்சி வெயில். நான் இந்தக் கரை. கிராணி மகன் சுற்றிக்கொண்டு போய் எதிர்க்கரையில் நின்றான், வந்தால் பிடிக்க. நீர் இறங்கிக் குளம் குறுகியிருந்தது, இருந்தாலும் எங்களுக்கு அது கடல்தான்.

திரியைப் பற்றவைத்தேன். விசில் வந்தது, இந்த முறை உறுதியான விசில். இரண்டு சக்கரமும் தண்ணீரைப் பிடித்தன. நான் கையை எடுத்தேன்.

கப்பல் போனது.

நேராகப் போனது என்று சொன்னால் பொய். கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. ஆனால் போனது. பின்னால் இரண்டு கோடு நுரை. பாசியை ஒதுக்கிக்கொண்டு, தட்டான்பூச்சி ஒன்று புகைபோக்கியில் உட்கார்ந்து பறந்தது, அதையும் பொருட்படுத்தாமல், டக் டக் என்று போனது. எதிர்க்கரையில் அவன் குதித்தான். "ஓடுது! ஏ பிள்ள, ஓடுது! வருது லா!" என்று கத்தினான். தோட்டத்துக்கே கேட்டிருக்கும், உறுமி மட்டும் இல்லாவிட்டால்.

கரையைத் தொட்டதும் அவன் இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினான். வலது கை நேராகக் கொதிகலனில் விழுந்தது. அலறிக்கொண்டு விட்டுவிட்டான். கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தது, உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, பிறகு சேற்றுத் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் சுற்றி ஓடிப் போய்ச் சேர்வதற்குள் மேலே குமிழிதான் இருந்தது. கலங்கிய தண்ணீரில் கையை விட்டுத் துழாவினேன், சரிவில் ஆழத்துக்குச் சறுக்கியிருக்க வேண்டும், அகப்படவில்லை. அவன் அழுதுகொண்டே கையைச் சேற்றில் புதைத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை பெரிய வாத்தியாரிடம் சொன்னேன். "ஓடுச்சு சார். அக்கரைக்குப் போச்சு."

"யார் பாத்தா?"

நான் சட்டாம்பிள்ளையைக் காட்டினேன். அவன் எழுந்தான். வலது கையில் துணிக்கட்டு.

"ஓடுச்சாடா?"

"தெரியாது சார். நான் பாக்கல சார்."

"கையில என்னா?"

"இஸ்திரிப்பெட்டி சுட்டுருச்சு சார்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். "பொய் சொல்ற பிள்ளைக்காக நான் யார்கிட்டப் போயி என்னா பேசறது?" என்றார். நல்ல மனிதர்தான். தப்பாக எடை போட்டுவிட்டார். கிராணி மகன் சொல்வதுதான் உண்மையாக இருக்கும் என்று அவர் நினைத்ததற்குக் காரணம், அவன் கிராணி மகன் என்பது மட்டும்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து, என் பள்ளிக்கூட நாள்களை எண்ண ஆரம்பித்தேன்.

மழை வரவில்லை. குளம் இன்னும் இறங்கியது. குளம் அந்த அளவுக்கு வற்றினால் ஆண்கள் சேற்றில் இறங்கி விரால், கெளுத்தி பிடிப்பது வழக்கம். அப்பாவும் இறங்கினார். நான் கரையில் வாளியோடு நின்றேன். அப்பா எதிர்க்கரைப் பக்கம் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார். சட்டென்று நின்றார்.

"என்னாண்ணே, விராலா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல" என்றார் அப்பா. "கப்பல்."

எல்லாரும் சிரித்தார்கள். "பொரிச்சுச் சாப்புடுங்க, முள்ளு இருக்காது!" அப்பா சிரிக்கவில்லை. சேற்றைக் கழுவினார். ஒரு பக்கச் சக்கரத்தைச் சுற்றினார். திருப்பிப் பிடித்து மறுபக்கச் சக்கரத்தைப் பார்த்தார். பற்றவைத்த இடங்களை விரலால் தடவினார், வாளி ஒட்டியபின் தடவுவாரே, அதே மாதிரி. பிறகு தலையைத் தூக்கி, நான் நின்ற கரையைப் பார்த்தார். நடுவில் இருந்த சேற்றையெல்லாம் பார்த்தார்.

வீட்டில் கேட்டார்: "ஆபீஸ்ல இருந்தது எப்படிக் குளத்துக்கு வந்துச்சு?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

"இந்தக் கரையில விட்டியா?"

"ஆமாப்பா."

"அந்தக் கரைக்குத் தானாப் போச்சா?"

"தானாத்தாம்பா போச்சு."

அப்பா கப்பலைத் திருப்பினார். மூடியில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "மாவா?" என்றார். அம்மா எட்டிப் பார்த்து, "அதானே பார்த்தேன், மைதா எங்க போச்சுன்னு" என்றார். அப்பாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

"கிராணி வீட்டுப் பையன் எடுத்தான்னு வெளிய சொல்லாத. நமக்கு வீடு வேணும்" என்றார். "சொல்லல" என்றேன். அப்பா கப்பலைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்தார். அடுத்த வாரம் சட்டை மாட்டிக்கொண்டு, வாத்தியாரைக்கூடக் கூப்பிடாமல், தானே பஸ் ஏறிச் சுங்கை பட்டாணிக்குப் போய், அங்கே இடைநிலைப்பள்ளியில் எனக்கு இடம் கேட்டுவிட்டு வந்தார். தம்பியைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் விட்டார்கள். ஆறாம் வகுப்பு முடிந்ததும் நான் பஸ் ஏறினேன்.

அந்தப் படிப்புதான் பின்னாளில் என்னை மின்னணுத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது. நாள் முழுக்க ஈயம் பற்றவைக்கிற வேலை. பிறகு அந்த வரிசைக்கே மேற்பார்வையாளர். புதிதாக வந்த பெண்களின் கையைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், யாருக்கு வரும், யாருக்கு வராது என்று. பழைய கப்பல்தான் இல்லை. தோட்டம் விற்று லயத்தைக் காலி செய்தபோது, லாரியில் ஏற்றிய பெட்டிகளில் ஒன்று பழைய இரும்புக்காரன் கையில் போய்விட்டது. அப்பா கடைசிவரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாயை மூடச் சொன்ன அப்பா இப்போது இல்லை. கிராணியும் இல்லை. பறித்துக்கொள்ள அங்கே வீடும் இல்லை. இனி நான் யாருக்காக மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சங்கம் அனுமதி தராவிட்டால் என்ன? அத்தை மகன் புக்கிட் செலம்பாவில் மீன் குட்டை வைத்திருக்கிறான். டீச்சர் சனிக்கிழமைகளில் பெற்றோரிடம் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார். நான் கப்பல் படத்தை ஞாபகத்தில் இருந்து வரைந்து காட்டினேன், ஒரு பக்கம் மட்டும். ஒரு பெண் பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பாட்டி, அந்தாண்டப் பக்கம் வரையலையா?" என்றாள். அத்தை மகன் குட்டைக் கரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தான். இந்த முறை அதிக அழுத்தம் வந்தால் ஆவி வெளியேற ஒரு வால்வு வைத்திருக்கிறோம். பிடித்துத் தூக்க மரக் கைப்பிடி வைத்திருக்கிறோம், காரணம் உங்களுக்குத் தெரியும். மூடிக்கு மாவுதான். ஈயம் அந்தப் பெண் பிள்ளை பற்றவைத்தாள், கையுறை போட்டுக்கொண்டு. நல்ல கை. கப்பல் மூன்று தடவை அக்கரைக்குப் போய்விட்டது. வருகிற ஒன்றுகூடலுக்குக் கொண்டுவருகிறோம். புதுப் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற குட்டையில் விடப் போகிறோம்.

தலைவரே, உங்களுக்குத்தான் இனி எழுதுகிறேன்.

வகுப்பில் நீ சொன்ன பொய் பயந்த பையன் சொன்னது. அதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். உன் அப்பாவுக்கு என் அப்பாவே பயந்தார், நீ பயந்ததில் என்ன அதிசயம். ஆனால் மேடையில் மைக்கைப் பிடித்துச் சொல்கிற பொய் பேரன் பேத்தி எடுத்த ஆளுடையது. அதை வைத்து இந்தப் பிள்ளைகளின் கப்பலை நிறுத்தப் பார்த்தாயே, அதை விடமாட்டேன்.

ஒன்றுகூடல் அன்று குட்டையின் எதிர்க்கரையில் நீ நிற்க வேண்டும், அன்றைக்கு நின்ற மாதிரி. பிள்ளைகள் இந்தக் கரையில் இருந்து விடுவார்கள். கப்பல் உன்னிடம்தான் வரும். ஆனால் அதற்கு முன்னால், சங்கத்து ஆட்கள், டீச்சர், பிள்ளைகள் எல்லார் முன்னாலும் உன் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டு. இஸ்திரிப்பெட்டி சுட்டால் கூர் முனைத் தழும்பு விழும். உன் கையில் இருப்பது நேர்க்கோடும் ஒரு மூலையும், தட்டை டின்னின் விளிம்பு. விருந்தில் நீ மைக்கைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அது தெரிகிறது.

அந்தத் தழும்பு எப்படி வந்தது? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்.